பிடித்து எங்கே வைப்பது?

திருநெல்வேலிப் பக்கம் சிமெண்ட் என்றால் தாழையூத்துதான். 1946இல் தொடங்கப்பட்ட இந்தியா சிமெண்ட்ஸ், 1949இல் அங்கே சங்கர் நகரில் தன் முதல் ஆலையை ஓட்டியது. அங்கே கிடைத்த சுண்ணாம்புக்கல்தான் காரணம். பாளையங்கோட்டையில் வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு சிமெண்ட் ஆலைப் புகை என்றால் நிலக்கரிப் புகை. ஆனால் பொதுவாக ஒரு சிமெண்ட் ஆலை விடும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, கல்லிலிருந்தே வருகிறது. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்புதான் மிஞ்சும். மீதி 44 கிலோ வாயுவாகிப் போய்விடும்.

எங்கள் ஊர்ப் பழைய வீடுகளின் காரைச் சுவருக்கும் இதே கணக்குதான், ஆனால் அதற்கு இன்னொரு பாதி உண்டு. காளவாசலில் சுட்ட சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுப் பூசுவார்கள். அந்தக் காரை வருஷக்கணக்கில் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து, மறுபடி சுண்ணாம்புக்கல்லாக இறுகும். கல் விட்ட மூச்சில் பெரும்பங்கைச் சுவர் திரும்ப வாங்கிக்கொள்ளும். வாயுவைக் கல்லுக்குள் அடைப்பது என்பதன் அடிப்படை வேதியியல் இவ்வளவுதான்.

இதைத் தொழிற்சாலை அளவில் செய்ய முடியுமா? பாதிப் பதில் நமக்குப் பக்கத்திலேயே, தூத்துக்குடியில் இருக்கிறது. அங்குள்ள தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலைக்குச் சோடா உப்புத் தயாரிக்கக் கரியமில வாயு வேண்டும். உப்பும் அம்மோனியாவும் இருந்தால் மட்டும் போதாது. 2016இல் தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்தே அதைப் பிடிக்கத் தொடங்கினார்கள். ஐஐடி கரக்பூரில் படித்த அனிருத்தா சர்மா, பிரதீக் பம்ப் இருவரும் 2009இல் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்தின் தொழில்நுட்பம் அது. புகையை ஒரு கரைசல் வழியே விட்டால் கரைசல் வாயுவைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் விட்டுவிடும். ஆண்டுக்குச் சுமார் 60,000 டன், அதுவும் அரசு மானியம் இல்லாமல். உலகப் பத்திரிகைகள் தூத்துக்குடியைத் திரும்பிப் பார்த்தன. கெட்டிக்காரத்தனமான வேலைதான், சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தச் சோடா உப்பு அப்புறம் எங்கே போகிறது? ஒரு பங்கு கண்ணாடி உலைக்குப் போகும். அங்கே உருகும்போது வாயு மறுபடி வெளியே வந்துவிடும். இது கைமாற்று மாதிரி; சேமிப்பு ஆகாது. அளவையும் பாருங்கள். அதே ஊரின் 1050 மெகாவாட் அனல்மின் நிலையம் முழுத்திறனில் ஓடினால், யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ என்று வைத்தாலும், மூன்று நாளைக்குள் 60,000 டன்னை விட்டுவிடும்.

மற்ற பாதிப் பதில் ஐஸ்லாந்தில். 2012இல் ஹெல்லிஷெய்டி புவிவெப்ப நிலையத்தில், கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தார் இருநூறு டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவை, சோடா பாட்டிலில் இருப்பதைப் போலத் தண்ணீரில் கரைத்து, எரிமலைப் பாறையான பசால்ட்டுக்குள் இறக்கினார்கள். புளிப்பேறிய அந்தத் தண்ணீர் பாறையிலிருந்து கால்சியத்தைக் கரைத்தெடுக்கும். இரண்டும் சேர்ந்து கால்சைட் ஆகும். இதற்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கலாம் என்றுதான் அதுவரை பொதுவாக நினைத்திருந்தார்கள். இரண்டே ஆண்டுக்குள் 95 சதவீதம் கல்லாகிவிட்டது என்று 2016இல் ஆய்வு வெளியானது. கண்காணிப்புக் கிணற்றின் பம்ப் அடைத்து நின்றுபோக, வெளியே எடுத்துப் பார்த்தால் மேலெல்லாம் கால்சைட். நம்மூரில் உப்புப் படிந்த போர் மோட்டாரைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புரியும்.

அப்படியென்றால் இங்கேயும் இறக்கிவிடலாமே என்று கேட்கலாம். பொதிகையடியில் நமக்கு இருப்பது பசால்ட் இல்லை. சார்னோகைட், நைஸ் போன்ற இறுகிய பழம்பாறைகள். அவற்றில் வாயு புகத் துளைகளும் குறைவு, அதோடு சேரக் கால்சியமும் மக்னீசியமும் குறைவு. இந்தியாவின் பெரிய பசால்ட் பரப்பு தக்காணத்தில், மகாராஷ்டிரத்தை மையமாகக் கொண்டு ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஓடி இறுகியது. அங்கே வரை குழாய் போட வேண்டும்.

அதைவிடப் பெரிய கேள்வி தண்ணீர். ஐஸ்லாந்து முறையில் ஒரு டன் வாயுவுக்குச் சுமார் 25 டன் தண்ணீர் வேண்டும். தூத்துக்குடியின் 60,000 டன்னுக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 15 லட்சம் டன். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து ஆலைகளுக்குத் தண்ணீர் போவதைப் பற்றித் தாமிரபரணிக் கடைமடை விவசாயிகள் நீதிமன்றம் வரை போனவர்கள். அவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்க்க வேண்டும். கடல்நீரை வைத்துச் செய்யவும், வாயுவைக் கரைக்காமல் அழுத்தி இறக்கவும் முயற்சிகள் நடக்கின்றன. அமெரிக்காவின் வல்லூலாவில் 2013இல் இரண்டாவது முறையில் சுமார் ஆயிரம் டன் இறக்கினார்கள், அங்கேயும் கல்லானது.

ஆக, வழி இருக்கிறது. ஆனால் பிடிப்பது ஒரு தொழில், வைப்பது இன்னொரு தொழில். பிடித்ததை விற்கலாம், அதனால்தான் தூத்துக்குடியில் மானியம் இல்லாமலே நடந்தது. பூமிக்குள் வைத்ததை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். யாராவது காசு கொடுத்து வைக்க வேண்டும். அடுத்த முறை ஏதாவது ஆலை கரியமில வாயுவைப் பிடிக்கப்போவதாகச் செய்தி வந்தால், எத்தனை டன் என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். பத்து வருஷம் கழித்து அது எங்கே இருக்கும், எந்த ஆற்றுத் தண்ணீரில், யார் செலவில் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.