ரமாயியின் நான்கு பிள்ளைகள்

பிப்ரவரி 7 ரமாபாய் அம்பேத்கரின் பிறந்தநாள். மராட்டியப் பௌத்தர்கள் அவரை ‘ரமாயி’ என்று தாயாகப் போற்றுகிறார்கள். வறட்டி தட்டிக் குடும்பம் காத்த தியாகி என்று நாமும் மேடைதோறும் பேசுகிறோம். அவர் பெற்ற ஐவரில் யஷ்வந்த் மட்டுமே பிழைத்தார். கங்காதர், ரமேஷ், இந்து, ராஜரத்னா நால்வரும் குழந்தைகளாகவே இறந்தார்கள். 1926-இல் இறந்த ராஜரத்னாவே கடைசிப் பிள்ளை. 1935 மே 27 அன்று ரமாயியும் மறைந்தார். 1956-இன் தீட்சையை அவர் காணவில்லை.

1928-இல் பம்பாய் சட்டசபையில், ஆலைப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு வேண்டும், அது நாட்டின் நலன் என்றார். அடுத்த ஆண்டே அது சட்டமானது. 1938-இல் அவருடைய கட்சி கொண்டுவந்த கருத்தடைத் தீர்மானமோ தோற்றது.

சாவு நிகழாத வீடே இல்லை என்று கிசாகோதமிக்குப் புத்தர் உணர்த்தினார். எந்த வீட்டுத் தொட்டில் அடிக்கடி காலியாகிறது என்பதை வறுமையும் சாதியும் முடிவு செய்கின்றன என்பதை நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி ரமாயி படத்துக்கு விளக்கேற்றும்போது அந்த நால்வரின் பெயரையும் சொல்வோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருவராவது கூட்டத்தில் இருப்பார். அவரையும் பேச அழைப்போம்.