மலையேறும் லொறியின் மூச்சு

1924ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இருப்புப்பாதை பதுளையை வந்தடைந்தது. ஆயினும் ஊவாத் தோட்டங்களின் கொழுந்தைத் தொழிற்சாலைக்கும், தேயிலைப் பெட்டிகளைப் புகையிரத நிலையத்துக்கும் சேர்ப்பிக்க வீதியே வேண்டியிருந்தது. மாட்டுவண்டி சுமந்த அப்பாரத்தைப் பின்னர் பெற்றோல் லொறி ஏற்றது. பறித்த கொழுந்து நெடுநேரம் குவிந்து கிடந்தால் சூடேறிப் பழுதுபடும். ஆதலின் ஏற்றத்தில் லொறி நிற்பது தோட்டத்துக்கு நட்டமாகும்.

நேயர்களே, அந்த லொறிக்கு எத்துணைப் பெரிய காபுரேட்டர் பொருந்தும்? பெரிதாயின் வலிமை மிகும் எனப் பலர் எண்ணினர். குறுகிய கழுத்தில் காற்று விரையும்போது அழுத்தம் குறைவதை இத்தாலிய அறிஞர் வெந்தூரி 1797இல் விளக்கினார். அக்குறைந்த அழுத்தமே பெற்றோலை நுண்துளை வழியே இழுத்துத் துகளாக்குகிறது. கழுத்து மிக அகன்றால், ஏற்றத்தில் மெதுவாகச் சுழலும் இயந்திரத்தில் காற்று வேகம் பெறாது, பெற்றோல் நன்கு கலவாது, வண்டி திணறும். மிகக் குறுகினாலோ சமதரையில் ஓட்டம் தடைப்படும்.

கணக்கு எளிது. நான்கடிப்பு இயந்திரம் இரு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை உள்ளிழுக்கும். 3.5 லீற்றர் இயந்திரம் நிமிடத்துக்கு 2000 முறை சுழன்றால், மிகுதியாயின் 3500 லீற்றர் காற்றுக் கொள்ளும். அதற்கேற்பக் கழுத்தைத் தெரிதல் வேண்டும்.

உயரமும் கணக்கிற் சேரும். சுமார் 1430 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையில் காற்றின் அடர்த்தி கடற்கரையினும் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. பெற்றோலின் வரத்தோ அவ்வளவு குறைவதில்லை. ஆகவே கொழும்பில் செவ்வையான கலவை அங்கே செறிந்து கரும்புகை கக்கும். அதற்கு மருந்து சற்றுச் சிறிய பெற்றோல் துளையே.

பின்னாளில் டீசல் லொறிகள் பெருகின; அவற்றில் காபுரேட்டருக்கு இடமில்லை. எனினும் சுமையையும் ஏற்றத்தையும் அளந்தறிந்த பின்னரே கருவியைத் தெரிதல் வேண்டும் என்னும் பாடம் மலைநாட்டில் நிலைத்துள்ளது.