ஹெல்மெட்டைக் கழற்றலாமா பாஸ்? வேற்றுக்கிரகத்தில் ஒரு குட்டி பட்டன்!

பத்து ராக்கெட் வெடிச்சிருக்கும். பதினோராவது ராக்கெட் எப்படியோ மேலே போய், பல கோடி கிலோமீட்டர் தாண்டி, ஒரு குட்டி நிலாவில் இறங்கியிருக்கும். சுற்றிலும் கடல், நடுவே மணல்தீவு, வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பச்சைக் கோள். உங்கள் விண்வெளி வீரர் ஏணியிலிருந்து இறங்குகிறார். இப்போது என்ன செய்யத் தோன்றும்? ஹெல்மெட்டைக் கழற்றி, அந்தக் காற்றை ஒருமுறை இழுத்துப் பார்க்கத்தானே!

'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' விளையாடியவர்களுக்கு இந்த ஆசை ரொம்ப நாள் இருந்தது. அது நிறைவேறியது 2018 டிசம்பரில்தான். கேமில் சின்ன விஷயம். ஆனால் 'எங்கே கழற்றலாம், எங்கே கூடாது' என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், நாம் இப்போது சுவாசிக்கிற காற்றில் வந்து நிற்கும். வாங்க, போய்ப் பார்க்கலாம்.

இது என்ன கேம்?

மெக்சிகோவின் 'ஸ்குவாட்' நிறுவனம் உருவாக்கிய கேம் இது. 2011-ல் முதல் பதிப்பு, 2015-ல் முழுப் பதிப்பு வந்தது. கம்ப்யூட்டரிலும் கன்சோலிலும்தான் ஓடும், மொபைலில் கிடையாது. பச்சைத் தோல், பெரிய கண்கள் கொண்ட 'கெர்பல்' என்ற குட்டி மனிதர்களுக்கு ராக்கெட் கட்டிக்கொடுத்து விண்வெளிக்கு அனுப்புவதுதான் உங்கள் வேலை. பார்க்க கார்ட்டூன் மாதிரி இருக்கும். ஆனால் எரிபொருள், எடை, சுற்றுப்பாதை எல்லாம் நிஜ இயற்பியல் கணக்குப்படிதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கெர்பல்களின் சொந்தக் கோளான கெர்பினில், ராக்கெட் தளத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் நடந்தால்கூட தலையில் ஹெல்மெட் இருக்கும். வீட்டு வாசலில் ஹெல்மெட்டோடு நிற்கிற மாதிரி! கடுப்பான ரசிகர்களே 'மாட்' எழுதி இதைச் சரிசெய்துகொண்டார்கள். 'டெக்ஸ்ச்சர் ரீப்ளேசர்' என்ற மாட், காற்று உள்ள இடங்களில் ஹெல்மெட்டைக் கழற்றிவிடும். பிறகு 1.6 பதிப்பில் நிறுவனமே அந்த வசதியைக் கொடுத்தது.

எங்கெல்லாம் கழற்றலாம்?

சும்மா நினைத்த இடத்தில் கழற்றிவிட முடியாது. காற்றில் ஆக்சிஜன் இருக்கிறதா, காற்றழுத்தம் போதுமா, வெப்பநிலை தாங்குமா என்று கேம் கணக்குப் பார்க்கும்.

* கெர்பின்: சொந்த ஊர். தாராளமாகக் கழற்றலாம்.
* லேய்த்: ஜூல் என்ற வாயுக்கோளின் நிலா. கடல் மட்டத்தில் கெர்பினின் காற்றழுத்தத்தில் சுமார் 60 சதவிகிதம் இருக்கும், ஆக்சிஜனும் உண்டு. இங்கேயும் ஓகே.
* டுனா: செவ்வாயின் கேம் வடிவம். காற்று ரொம்ப மெலிசு, ஆக்சிஜன் இல்லை. நோ.
* ஈவ்: ஊதா நிறக் கோள். கடல் மட்டத்தில் கெர்பினைப் போல 5 மடங்கு அழுத்தம், ஆனால் ஆக்சிஜன் கிடையாது. நோ.
* மன்: காற்றே இல்லாத நிலா. நினைக்கவே வேண்டாம்.

நினைவில் வைக்க ஒரு ஷார்ட்கட். ஜெட் இன்ஜின் எரிய வெளிக்காற்றில் ஆக்சிஜன் வேண்டும். கேமில் அது வேலை செய்வதும் கெர்பினிலும் லேய்த்திலும் மட்டும்தான். அதனால் ஜெட் ஓடும் உலகம்தான் ஹெல்மெட் கழற்றும் உலகம். ஆனாலும் அங்கே ரொம்ப உயரத்தில் கழற்றக் கூடாது, அழுத்தம் பத்தாது.

நிஜத்தில் கழற்றினால்?

சினிமாவில் காட்டுவதுபோல உடம்பு வெடிக்காது. அந்த நொடியே உறைந்து ஐஸாகவும் ஆகாது. ஆனால் நேரம் ரொம்பக் குறைவு.

1966-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில், காற்றை உறிஞ்சி எடுத்த ஓர் அறைக்குள் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்தார் ஜிம் லெப்லாங்க். உடைக்குக் காற்றழுத்தம் கொடுக்கும் குழாய் கழன்றுவிட்டது. சுமார் 14 நொடிகளில் மயங்கி விழுந்தார். மயங்குவதற்கு முன் நாக்கில் எச்சில் கொதித்ததுதான் கடைசி நினைவு என்று பிறகு சொன்னார். உடனே அறைக்குள் காற்றை நிரப்பியதால் பிழைத்தார்.

எச்சில் ஏன் கொதிக்க வேண்டும்? அழுத்தம் குறையக் குறைய தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். பூமியிலேயே சுமார் 19 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனால், நம் உடல் சூடான 37 டிகிரியே தண்ணீர் கொதிக்கப் போதும். அங்கே முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் மட்டும் மாட்டினால் போதாது, அழுத்தம் கொடுக்கும் உடையும் வேண்டும். ஆக, ஹெல்மெட் நமக்குத் தருவது ஆக்சிஜன் மட்டுமில்லை, அழுத்தமும்தான்.

நம் சூரியக் குடும்பத்தில் சான்ஸ் இருக்கா?

செவ்வாய்: காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு. இருக்கும் காற்றிலும் 95 சதவிகிதம் கார்பன் டை ஆக்ஸைடு. நாசாவின் பெர்செவரன்ஸ் ரோவரில் போன 'மாக்ஸி' கருவி, அந்தக் காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரித்துக் காட்டியது. 2021 முதல் 2023 வரை 16 முறை இயங்கிக் கிடைத்தது மொத்தம் 122 கிராம். ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கே சுமார் 840 கிராம் வேண்டும். அதாவது இரண்டு வருட உழைப்பு, மூன்றரை மணி நேர மூச்சு!

வெள்ளி: தரையில் சுமார் 465 டிகிரி செல்சியஸ், பூமியைப் போல 90 மடங்குக்கும் மேல் அழுத்தம். அடுத்த இடத்துக்குப் போகலாம்.

டைட்டன்: சனிக்கோளின் இந்த நிலாதான் சர்ப்ரைஸ். காற்றழுத்தம் பூமியைப் போல ஒன்றரை மடங்கு. அதனால் அழுத்த உடை தேவையில்லை. ஆக்சிஜன் மாஸ்க்கும், மைனஸ் 179 டிகிரியைத் தாங்குகிற உடையும் இருந்தால் போதும். அந்தக் குளிரில் முகத்தைத் திறந்து காட்ட முடியாது என்பது வேறு விஷயம்.

மொத்தத்தில், லேய்த் மாதிரி ஓர் இடம் நம் சூரியக் குடும்பத்தில் இல்லை.

அந்த ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது?

இனிமேல்தான் மேட்டரே. ஆக்சிஜன் சும்மா இருக்காது. இரும்பு, பாறை என்று எதைப் பார்த்தாலும் ஒட்டிக்கொள்ளும். யாராவது தொடர்ந்து தயாரித்துக்கொண்டே இருந்தால்தான் காற்றில் தங்கும். பூமியிலும் முதல் 200 கோடி ஆண்டுகள் காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. கடலில் இருந்த சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள் சூரிய ஒளியில் சமைத்து, கழிவாக ஆக்சிஜனை வெளியே விட்டன. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் அது காற்றில் சேர ஆரம்பித்தது. டைம் மெஷின் ஏறி அதற்கு முந்தைய பூமிக்குப் போனால், அங்கேயும் ஹெல்மெட்டைக் கழற்ற முடியாது!

அப்படியென்றால், ஹெல்மெட்டைக் கழற்ற முடிகிற ஓர் உலகத்தில் பெரும்பாலும் உங்களுக்கு முன்பே ஏதோ ஓர் உயிர் வாழ்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். லேய்த்தில் யார் அந்த வேலையைச் செய்கிறார்கள் என்று கேம் சொல்லவில்லை. ஆனால் நிஜத்தில் அதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அந்த உயிர் நம்மை என்ன செய்யும், நம் மூச்சில் போகும் கிருமி அதை என்ன செய்யும்? 1969-ல் நிலாவிலிருந்து திரும்பிய அப்போலோ 11 வீரர்களை, எதற்கும் இருக்கட்டும் என்று சுமார் மூன்று வாரம் தனிமையில் வைத்ததும் இந்தப் பயத்தால்தான். 'புரோமீதியஸ்' படத்தில் விஞ்ஞானிகள் வேற்றுலகில் அசால்ட்டாக ஹெல்மெட்டைக் கழற்றியதை ரசிகர்கள் கலாய்த்ததும் இதற்காகத்தான்.

மற்ற கேம்களில்?

'ஸ்டார்ஃபீல்ட்' கேமில், சுவாசிக்க முடிகிற இடங்களில் ஹெல்மெட்டை மறைக்கும் ஆப்ஷன் உண்டு. இதெல்லாம் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக. 'மாஸ் எஃபெக்ட் 2'-ல் சில கவசங்களின் ஹெல்மெட்டைக் கழற்றவே முடியாது, ஹீரோ பாரில் ஹெல்மெட்டோடு மது குடிப்பார். இன்றுவரை அது மீம்! 'அவுட்டர் வைல்ட்ஸ்' கேமில் ஆக்சிஜன் தீரும்போது மரங்களுக்குப் பக்கத்தில் போய் நின்றால் டேங்க் நிரம்பும். காற்றைத் தருவது உயிர்தான் என்பதை ஒரு வரி வசனம் இல்லாமல் சொன்ன கேம் அது.

நிஜமாகவே கழற்றியவர்கள்

வேற்றுலகில் ஹெல்மெட்டைக் கழற்றிய மனிதர்கள் 12 பேர் இருக்கிறார்கள். ஆமாம், நிலாவில் நடந்தவர்கள்தான். நடந்து முடித்து லேண்டருக்குள் ஏறி, கதவை மூடி, பூமியிலிருந்து கொண்டுபோன ஆக்சிஜனை நிரப்பிய பிறகு கழற்றினார்கள். உடையில் ஒட்டி வந்த நிலாத்தூசி வெடித்து முடித்த வெடிமருந்து மாதிரி மணந்ததாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். 1972-ல் அப்போலோ 17-ல் போன ஹாரிசன் ஷ்மிட்டுக்கு அந்தத் தூசியால் மூக்கே அடைத்துக்கொண்டது.

அடுத்தமுறை லேய்த்தில் இறங்கி அந்த பட்டனை அழுத்தும்போது, கெர்பலின் முகத்தில் தெரிகிற சந்தோஷத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அப்புறம் போனைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை நன்றாக மூச்சை இழுத்து விடுங்கள். 240 கோடி வருஷமாக யாரோ தயாரித்து வைத்த காற்று. நமக்குத் தெரிந்து, ஹெல்மெட் இல்லாமல் நிற்க முடிகிற ஒரே உலகம் இதுதான் பாஸ்!