ஆப் திரையில் தெரியாத தகவலும் உங்க போனுக்கு வருதா? சீரியலைசேஷனில் கவனிக்க வேண்டியது என்ன?

ஒரு ஆப்பில் இன்னொரு பயனரின் பெயரும் படமும் மட்டும்தான் உங்களுக்குத் தெரியுது. ஆனால் அவரோட செல்போன் எண், முகவரி, பிறந்த தேதி எல்லாம் சேர்ந்தே உங்க போனுக்கு வந்திருந்தால்? புரோகிராமர் ஒரு வரியை விட்டுவிட்டாலே இது நடக்கலாம்.

சீரியலைசேஷன் என்றால் என்ன?

ஒரு பயனரின் விவரங்கள் புரோகிராமுக்குள் ‘ஆப்ஜெக்ட்’ என்ற தொகுப்பாக இருக்கும். அதை நெட்டில் அனுப்பவோ, ஃபைலில் சேமிக்கவோ ஏற்றபடி ஜேசன் போன்ற வடிவத்துக்கு மாற்றுவதுதான் சீரியலைசேஷன். வேண்டாம்னு சொல்லாத வரை, பல கருவிகள் எல்லா விவரத்தையும் மூட்டை கட்டி அனுப்பிவிடும்.

எப்படித் தவிர்ப்பது?

* ஜாவாவின் சொந்த சீரியலைசேஷனில், ஒரு ஃபீல்டுக்கு முன் ‘டிரான்சியன்ட்’ என்று எழுதினால் அது சேமிக்கப்படாது. திரும்பப் படிக்கும்போது அந்த இடம் காலியாக இருக்கும். எண் என்றால் 0.
* ஜாவாவில் ஜேசனுக்குப் பயன்படும் ‘ஜாக்சன்’ கருவியில் ‘ஜேசன்இக்னோர்’ என்ற குறிப்பு உண்டு. டிரான்சியன்ட் மட்டும் போட்டு, மதிப்பை எடுத்துத் தரும் ‘கெட்டர்’ இருந்தால், ஜாக்சன் வழக்கமான அமைப்பில் அதை அனுப்பிவிடும். இங்கேதான் பலரும் ஏமாறுவாங்க.
* பாஸ்வேர்டு உள்ளே வரணும், வெளியே போகக்கூடாது. அதற்கு ‘ரைட் ஒன்லி’ அமைப்பு இருக்கு.

திரையில் மறைத்தால் போதாதா?

போதாது. போனுக்கு வந்துவிட்ட தகவலை, நெட்வொர்க் போக்குவரத்தைப் பார்க்கத் தெரிந்தவர் படித்துவிட முடியும். இணையப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப், 2019-ல் வெளியிட்ட ஏபிஐ ஆபத்துகள் பட்டியலில் இப்படி அளவுக்கு மீறி தகவல் தருவதை 3-வது இடத்தில் வைத்தது.

லாக் ஃபைலிலும் இதே ஆபத்துதான். 2018 மே மாதம், ஒரு பிழையால் பாஸ்வேர்டுகள் மறைக்கப்படாமல் உள் லாக்கில் பதிவானதாகச் சொன்ன ட்விட்டர், பயனர்கள் அனைவரும் பாஸ்வேர்டை மாற்றுவது நல்லது என அறிவுறுத்தியது.

எது பாதுகாப்பான வழி?

‘எதை அனுப்பக்கூடாது’ என்பதைவிட ‘எதை மட்டும் அனுப்பணும்’ என்று பட்டியல் போடுவதே நல்லது. நாளைக்கு யாராவது புதுசா ஒரு ஃபீல்டு சேர்த்தாலும், பட்டியலில் இல்லாததால் அது வெளியே போகாது.

பயனர்கள் என்ன செய்யலாம்?

ஆப்பில் கட்டாயமில்லாத விவரங்களைக் காலியாக விடுங்க. கொடுக்காத தகவல் கசியாது.