மேகத் தரவுத்தளங்களில் மறையாக்கம்

மேகத் தரவுத்தளங்களில் மறையாக்கம் என்பது, அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்ற நிறுவனங்கள் தம் தரவு மையங்களில் நடத்தித்தரும் தரவுத்தளச் சேவைகளில் சேரும் தகவலை, உரிய சாவி இல்லாத எவரும் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் முறைகளைக் குறிக்கும். இது இரண்டு நிலைகளில் நடக்கிறது. வட்டில் எழுதப்பட்டிருக்கும் தரவைக் காப்பது இருப்புநிலை மறையாக்கம். செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே போய்வரும் தரவைக் காப்பது பயணநிலை மறையாக்கம். இவை வெவ்வேறு ஆபத்துகளுக்கான காப்புகள். ஒன்று இருப்பதால் மற்றொன்றை விட்டுவிட முடியாது.

பின்னணி

சொந்த சர்வர் அறை வைத்திருந்த காலத்தில், தரவு இருந்த வட்டு நிறுவனத்தின் பூட்டுக்குள்ளேயே இருந்தது. 2009இல் அமேசானின் ஆர்.டி.எஸ். தரவுத்தளச் சேவை வந்தபின் அந்த நிலை மாறத் தொடங்கியது. வட்டு, இயங்குதளம், காப்பு நகல் எல்லாவற்றையும் சேவை நிறுவனமே பார்த்துக்கொள்ள, வாடிக்கையாளர் கையில் இணைப்பு முகவரியும் பயனர் பெயரும் கடவுச்சொல்லுமே மிஞ்சின. கண்ணால் பார்க்க முடியாத வட்டில் கிடக்கும் தரவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அப்போது கூர்மையானது.

அதற்கான கணிதம் முன்பே தயாராக இருந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் இருவரும் வடிவமைத்த ரைண்டால் முறையை அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு 2001இல் ஏ.இ.எஸ். என்ற பெயரில் தரமாக ஏற்றது. 256 பிட் சாவியுடன் அதுவே இன்று பெரிய மேகச் சேவைகளில் பரவலாகப் பயன்படுகிறது. அமேசான் தன் சாவி மேலாண்மைச் சேவையை 2014இல் தொடங்கி, அடுத்த ஆண்டே மை எஸ்.கியூ.எல்., போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களுடன் இணைத்தது. 2017 முதல் மைக்ரோசாஃப்டின் அசூர் மேகத்தில் புதிதாக உருவாக்கப்படும் எஸ்.கியூ.எல். தரவுத்தளங்கள் தாமாகவே மறையாக்கத்துடன் வருகின்றன. கூகுள் தன் மேகத்தில் சேமிக்கும் தரவை, வாடிக்கையாளர் கேட்காமலேயே மறையாக்கம் செய்கிறது.

இருப்புநிலை மறையாக்கம்

இதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. முதலாவதில் தரவுத்தள மென்பொருளே வேலையைச் செய்கிறது. மைக்ரோசாஃப்டின் எஸ்.கியூ.எல். சர்வர் தரவை 8 கிலோபைட் பக்கங்களாகக் கையாள்கிறது. ஒரு பக்கம் வட்டுக்குப் போகும்போது மறையாக்கம் பெறும். நினைவகத்துக்கு வரும்போது மறைநீக்கம் பெறும். 2008 பதிப்பில் அறிமுகமான இந்த வசதியே அசூரிலும் இயங்குகிறது. இரண்டாவது வழியில், அமேசான் ஆர்.டி.எஸ்.ஸில் போல, தரவுத்தளத்துக்குக் கீழே உள்ள சேமிப்பு அடுக்கு அந்த வேலையை ஏற்கிறது. எந்த வழியானாலும் வினவல்களையோ செயலியின் நிரலையோ மாற்ற வேண்டியதில்லை. ஏ.இ.எஸ். கணக்கீட்டுக்கான கட்டளைகள் இன்றைய நுண்செயலிச் சில்லுகளிலேயே இருப்பதால் வேகக்குறைவும் பொதுவாகச் சிறிதே.

காப்பு நகல்கள், ஸ்னாப்ஷாட்கள் (ஒரு கணத்து நிலையின் பதிவுகள்), படிப்பதற்கான பிரதிகள் ஆகியவற்றுக்கும் இந்தக் காப்பு நீள்வது இதன் பெரிய பயன். மூலத் தரவுத்தளத்தைக் கண்ணும் கருத்துமாகக் காப்பவர்கள்கூட அதன் நகலைக் கவனிக்காமல் விடுவதுண்டு. ஆர்.டி.எஸ்.ஸில் மறையாக்கம் செய்த ஸ்னாப்ஷாட்டைப் பொதுவெளியில் பகிர அமைப்பே அனுமதிப்பதில்லை. கைத்தவறால் நேரும் பெரிய கசிவு ஒன்று இதனாலேயே தடுக்கப்படுகிறது.

ஆர்.டி.எஸ்.ஸில் மறையாக்கத்தைத் தரவுத்தளம் உருவாக்கும் தருணத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்துக்குப் பின்னால் சேர்க்க நினைத்தால் சுற்றுவழிதான்: ஸ்னாப்ஷாட் எடுத்து, அதைச் சாவியுடன் நகலெடுத்து, அந்த நகலிலிருந்து புதிய தரவுத்தளத்தை எழுப்பி, செயலியை அதற்கு மாற்ற வேண்டும். ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு பழைய தரவுத்தளத்தில் எழுதப்பட்டவை புதியதில் இருக்காது. எனவே எழுதுவதை நிறுத்திவைக்க வேண்டும், அல்லது மாற்றங்களைத் தனியே கொண்டுசேர்க்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு தேர்வாக முடிந்திருக்க வேண்டியது, பின்னர் திட்டமிட்ட சேவை நிறுத்தமாக வளர்ந்துவிடுகிறது.

சாவி மேலாண்மை

தரவை மறையாக்கம் செய்யும் தரவுச் சாவி, தலைமைச் சாவி ஒன்றால் மறையாக்கம் செய்யப்பட்டே சேமிக்கப்படுகிறது. வீட்டுச் சாவிகளையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டி, பீரோ சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. தலைமைச் சாவி பொதுவாக அதற்கென உள்ள பாதுகாப்பு வன்பொருளுக்குள்ளேயே இருக்கும்; திறந்த வடிவில் வெளியே வராது. அதை மாற்றும்போது டெராபைட் கணக்கில் உள்ள தரவை மறுபடி மறையாக்கம் செய்யவும் வேண்டியதில்லை.

தலைமைச் சாவி யாருடையது என்பதில் மூன்று நிலைகள் உள்ளன. சேவை நிறுவனமே வைத்திருப்பது எளியது. அந்நிறுவனத்தின் சாவிச் சேவையிலேயே வாடிக்கையாளர் தன் சாவியை உருவாக்கி ஆள்வது இரண்டாவது. இதில் யார் பயன்படுத்தலாம் என விதிக்கலாம், பயன்பாட்டுப் பதிவைப் பார்க்கலாம், தேவைப்பட்டால் முடக்கலாம். மேகத்துக்கு வெளியே சொந்த வன்பொருளில் சாவியை வைத்திருப்பது மூன்றாவது.

கட்டுப்பாடு கூடும்போது பொறுப்பும் கூடுகிறது. சாவி அழிந்தால் தரவும் அழிந்ததாகவே பொருள். சேவை நிறுவனத்தாலும் மீட்க முடியாது. அதனால்தான் அமேசானில் நீக்கக் கோரிய சாவி, 7 முதல் 30 நாள் வரை காத்திருப்பில் வைக்கப்பட்ட பிறகே அழிக்கப்படுகிறது.

பயணநிலை மறையாக்கம்

இதற்கான நெறிமுறை டி.எல்.எஸ். அதன் முதல் பதிப்பு 1999இல் வந்தது. இன்று புழங்கும் 1.2 பதிப்பு 2008இலும் 1.3 பதிப்பு 2018இலும் வெளியாயின. பழைய 1.0, 1.1 பதிப்புகளை இணையத் தர அமைப்பு 2021இல் விலக்கியது.

டி.எல்.எஸ். இரண்டு வேலைகளைச் செய்கிறது: போகும் தரவை மறைக்கிறது; மறுமுனையில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்று சான்றிதழ் மூலம் சரிபார்க்கிறது. பல நிறுவல்களில் முதல் வேலை நடக்கிறது, இரண்டாவது விடுபடுகிறது. போஸ்ட்கிரெஸ் இணைப்பில் இதற்கென ஆறு அமைப்புகள் உள்ளன. எதையும் குறிப்பிடாவிட்டால் அமையும் ‘ப்ரிஃபர்’, சர்வரில் டி.எல்.எஸ். இல்லையென்றால் சத்தமில்லாமல் திறந்த இணைப்புக்கு இறங்கிவிடும். ‘ரிக்வயர்’ மறையாக்கத்தைக் கட்டாயமாக்கும்; ஆனால் வேர்ச் சான்றிதழ் (சர்வரின் சான்றிதழை உறுதிசெய்யும் மூலச் சான்றிதழ்) தரப்படாதவரை மறுமுனையில் யார் என்று பார்க்காது. நடுவில் புகுந்தவர் தன் சான்றிதழைக் காட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். ‘வெரிஃபை-ஃபுல்’ மட்டுமே சான்றிதழையும் சர்வரின் பெயரையும் சேர்த்துச் சரிபார்க்கிறது.

சர்வர் பக்கமும் கட்டாயப்படுத்தலாம். ஆர்.டி.எஸ்.ஸில் போஸ்ட்கிரெஸ் 15 முதல் டி.எல்.எஸ். இல்லாத இணைப்புகள் இயல்பாகவே மறுக்கப்படுகின்றன. சான்றிதழ்களுக்குக் காலாவதி உண்டு என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 2019இல் வெளியான ஆர்.டி.எஸ். வேர்ச் சான்றிதழ் 2024 ஆகஸ்டில் காலாவதியானது. அதற்குள் சர்வர், செயலி இரண்டு பக்கமும் புதிய சான்றிதழுக்கு மாற வேண்டியிருந்தது.

உள் வலையமைப்புக்கு மறையாக்கம் எதற்கு என்ற வாதம் 2013இல் பொய்த்துப்போனது. கூகுள், யாஹூ தரவு மையங்களுக்கு இடையிலான இணைப்புகளை உளவு அமைப்புகள் ஒட்டுக்கேட்டதை, அமெரிக்க உளவு அமைப்பின் முன்னாள் ஒப்பந்தப் பணியாளர் ஸ்னோடன் கசியவிட்ட ஆவணங்கள் வெளிப்படுத்தின. இரு நிறுவனங்களும் அந்த இணைப்புகளையும் மறையாக்கத்துக்குள் கொண்டுவந்தன.

எல்லைகள்

வட்டுத் திருட்டையும் ஒட்டுக்கேட்பையும் இவை தடுக்கின்றன. முறையான அனுமதியோடு வருபவரைத் தடுப்பதில்லை. திருடிய கடவுச்சொல்லோடு நுழைபவருக்கும், செயலியின் ஓட்டை வழியே வினவல் செலுத்துபவருக்கும் தரவுத்தளம் மறைநீக்கம் செய்த தரவையே தரும். 2019இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில், மேகச் சேமிப்பிலிருந்து சுமார் 10.6 கோடிப் பேரின் தகவல் திருடப்பட்டது. அந்நிறுவனம் தரவை மறையாக்கம் செய்தே வைத்திருந்தது. ஊடுருவியவருக்குக் கிடைத்த அனுமதியே மறைநீக்கத்துக்கும் வழிசெய்துவிட்டது.

இந்த இடைவெளியைக் குறைக்கவே செயலி பக்க மறையாக்கம் வந்தது. இதில் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் போன்ற புலங்கள் செயலியிலேயே மறையாக்கம் பெற்று, தரவுத்தளத்துக்கு மறைந்த வடிவிலேயே போகின்றன. தரவுத்தள நிர்வாகிகூட அவற்றைப் படிக்க முடியாது. எஸ்.கியூ.எல். சர்வர் 2016 பதிப்பிலும், மாங்கோ டி.பி. 2019இல் வந்த 4.2 பதிப்பிலும் இந்த வசதியைத் தந்தன. இத்தகைய புலங்களில் தேடுவதும் வரிசைப்படுத்துவதும் கடினமாவது இதற்கான விலை.

சட்ட நிலை

2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி, மறையாக்கத்தைப் பொருத்தமான காப்புகளில் ஒன்றாகப் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. கசிந்த தரவு பிறரால் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், பாதிக்கப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் அறிவிக்கும் கடமையிலிருந்தும் விலக்குத் தருகிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது.

மதிப்பீடு

வட்டை மறையாக்கம் செய்யும் வேலையைச் சேவை நிறுவனங்கள் பெருமளவு தம் தோளில் ஏற்றுக்கொண்டுவிட்டன. சாவியை யார் தொடலாம், சான்றிதழ் உண்மையில் சரிபார்க்கப்படுகிறதா, எந்தக் கணக்குக்கு எவ்வளவு அனுமதி என்ற மூன்றும் இன்னும் வாடிக்கையாளரின் பொறுப்பே. இவற்றைக் கவனிக்காத இடத்தில், 256 பிட் சாவியும் தணிக்கைப் படிவத்தில் ஒரு ‘ஆம்’ என்பதற்கு மேல் எதையும் காப்பதில்லை.