கிளிஞ்சல் சுண்ணாம்பும் எண்ணூர்க் கடலும்

பழைய மெட்ராஸ் பங்களாக்களின் சுவர் பளிங்கு மாதிரி வழவழன்னு இருக்கும். வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதிவைத்த 'மெட்ராஸ் சுண்ணம்' அதுதான். பழவேற்காடு பக்கம் கிடைத்த கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, நாள்கணக்கில் அரைத்துப் பூசியது. கட்டடக்கலை ஆட்கள் இதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு இதில் கடலின் கணக்குதான் சுவாரசியம்.

சிப்பி ஓடு கட்டும்போது கடலின் காரத்தன்மையைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. காரத்தன்மை வேற, பிஎச் வேற. பிஎச் இப்போதைய ரீடிங்; காரத்தன்மை என்பது அமிலம் வந்தால் தாங்கும் கொள்ளளவு. 100 கிராம் சுத்தமான கிளிஞ்சலைச் சுட்டால் 44 கிராம் கரியமில வாயு புகையோடு போய், 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். சுவரில் பூசினால் அது போன வாயுவைக் காற்றிலிருந்து மெதுவாகத் திரும்ப இழுத்து, மறுபடி கிளிஞ்சலின் பொருளாகவே இறுகிவிடும். கடலில் கரைத்தால் இன்னும் அதிகம் இழுக்கும்: சுமார் 75 கிராம். சுட்ட செலவைக் கழித்தாலும் 30 கிராம் லாபம்.

1995-ல் எக்சான் நிறுவன ஆய்வாளர் ஹரூண் கெஷ்கி இந்தக் கணக்கை ஒரு கட்டுரையாகவே எழுதினார். புவி வெப்பமாதலுக்குத் தீர்வாகக் கடலில் சுண்ணாம்பு! எண்ணெய்க் கம்பெனியிலிருந்து இந்த யோசனை வந்ததில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. இன்றைக்கு இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன.

மிதவை உயிர்களுக்கு என்ன ஆகும்? காரம் விழுந்த இடத்தில் பிஎச் ஏறும், கரைந்திருக்கும் கரியமில வாயு குறையும். காற்றிலிருந்து அது மறுபடி நிரம்ப மாதங்கள் ஆகலாம். அதுவரைக்கும் டயாட்டம் போன்ற நுண்பாசிகளுக்குச் சாப்பாடு தட்டுப்பாடு. அளவு மீறினால் சுண்ணாம்பு தானாகவே மணிமணியாக வெளியே படிந்துவிடும். அப்போது காரத்தன்மை ஆரம்பித்த அளவுக்கும் கீழே போகலாம். தண்ணீரில் தூசி இருந்தால் படிவது இன்னும் சுலபம். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் வண்டலுக்கும் அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் பஞ்சமா என்ன?

இந்தக் கடலில் யார் யார் மிதந்துகொண்டிருந்தார்கள் என்பதற்குப் பழைய பதிவு இருக்கிறது. 1931-ல் கே.எஸ். மேனன் சென்னைக் கடலின் மிதவை உயிர்களைப் பற்றி ஒரு முதற்கட்ட அறிக்கை வெளியிட்டார். 1946-ல் ஆர். சுப்ரமணியன் சென்னைக் கடற்கரையின் டயாட்டம்களை இனம் இனமாக விவரித்து நூறு பக்கத்துக்கு மேல் எழுதினார். எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1970-ல். ஆக, புகைபோக்கிகளுக்கு முந்தைய கடலின் வருகைப் பதிவேடு நம்ம கையில் இருக்கு.

இப்போதைய கடல் வேறு. 2023 டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பம் அருகே கோரமண்டல் இன்டர்நேஷனல் ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறலோடு ஜனங்கள் நள்ளிரவில் தெருவுக்கு ஓடிவந்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடல்நீரில் அளந்தது லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5.

அம்மோனியாவும் காரம்தான். ஆனால் அதன் விஷம் பிஎச்சைப் பொறுத்தது. சாதாரணக் கடல்நீரில், அதாவது பிஎச் 8.1-ல், மொத்த அம்மோனியாவில் ஆறு சதவீதம் போலத்தான் மீனைக் கொல்லும் வடிவில் இருக்கும். மீதி அவ்வளவாகத் தீங்கில்லாத அம்மோனியம். பிஎச் 9-க்கு ஏறினால் கொல்லும் பங்கு மூன்றில் ஒன்றாகிவிடும். கசிவே வேண்டாம், சாக்கடை கொண்டுவரும் அம்மோனியாவுக்கும் இதே விதிதான்.

அதனால் அட்லாண்டிக்கின் சுத்தமான தண்ணீரில் எடுத்த முடிவை இங்கே காப்பி பேஸ்ட் பண்ண முடியாது. யாராவது இந்தக் கரையில் காரம் கொட்டிப் பார்க்க வருவதானால், முதலில் ஒரு வருஷம், மழைக்காலமும் சேர்த்து, முகத்துவாரத்தில் அம்மோனியாவை அளக்கட்டும். சுப்ரமணியன் பட்டியலில் எத்தனை பேர் மிச்சம் என்று வலை போட்டு எண்ணட்டும். அந்த எண்களைக் காட்டுக்குப்பம் மீனவர்கள் முன்னால் வைத்துவிட்டு அப்புறம் பேசலாம்.