நுரைச்சோலைக்கு வந்த நட்பு

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில் நுரைச்சோலையை நெருங்கும்போதே அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி தெரிந்துவிடும். 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து படகேறி இந்தத் தீபகற்பத்தில் வந்து இறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கிடுகுக் கொட்டிலில் குப்பி விளக்கு வைத்துப் படித்தவன் நான். பிற்காலத்தில் நாட்டின் மிகப்பெரிய மின்நிலையம் எங்களுக்குப் பக்கத்திலேயே எழுந்தது. "சீனன் எதுக்கு மகன் இவ்வளவு தூரம் வந்து நமக்குக் கரண்ட் தாறான்?" என்று உம்மா ஒருநாள் கேட்டார். நட்பு நாடு என்றேன். அது பதிலாகாது என்று எனக்கே தெரியும்.

இந்த நட்பின் கதை அரிசியில் தொடங்குகிறது. 1952இல் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறிக்கிடந்தது. இலங்கையின் இறப்பர் விலை விழுந்துகொண்டிருந்தது. கொரியப் போரில் நின்ற சீனாவுக்கு இறப்பர் விற்க வேண்டாமென்று அமெரிக்கா தடுத்தது. கம்யூனிச எதிர்ப்பில் ஊறிய டட்லி சேனாநாயக்கவின் அரசே அந்தத் தடையை மீறியது. அவ்வாண்டு டிசம்பரில் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க பீஜிங்கில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் போக, 270,000 தொன் அரிசி வந்தது. இறப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாகச் சீனா கொடுத்தது. அப்போது இரு நாடுகளுக்கும் இடையே தூதரகம்கூட இல்லை. முறையான இராஜதந்திர உறவு 1957இல்தான் ஏற்பட்டது.

இறப்பர்-அரிசி ஒப்பந்தத்தை இரு நாட்டுத் தலைவர்களும் இன்றும் மேடைகளில் நினைவுகூருகிறார்கள். அந்த இறப்பர் மரங்களில் பால் வெட்டியவர்களில் பலர் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழர் என்பதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

நுரைச்சோலைத் திட்டம் 1990களிலேயே பேசப்பட்டது. தலவில புனித அன்னம்மாள் தேவாலயம் பக்கத்தில் இருப்பதால் கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தது. மீனவரும் தோட்டக்காரரும் எதிர்த்தார்கள். திட்டம் பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. 2006இல் மஹிந்த ராஜபக்ஷ ஜனாதிபதியாக இருக்கும்போது, சீன எக்சிம் வங்கியின் கடனோடு, சீன நிறுவனம் ஒன்றின் கையால் வேலை தொடங்கியது. முதற்கட்டத்துக்கு 45.5 கோடி டொலர். மூன்று அலகுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 135 கோடி டொலர். முதல் 300 மெகாவாட் அலகு 2011 மார்ச்சில் இயங்கியது. 2014 செப்டம்பரில் ஷி ஜின்பிங் இலங்கை வந்தபோது 900 மெகாவாட்டும் முழுமையடைந்ததாக அறிவிக்கப்பட்டது. நிலையத்துக்கு வைத்த பெயர் 'லக்விஜய'. இலங்கையின் வெற்றி.

2006ஐ மறக்க இந்தத் தளத்தின் வாசகர்களால் முடியாது. அதே ஆண்டில்தான் சம்பூர் மக்கள் ஷெல்லடிக்குத் தப்பி ஓடினார்கள். அவர்கள் அகதி முகாம்களில் இருக்கும்போதே, அவர்களின் மண்ணில் அனல் மின்நிலையம் அமைக்க இந்திய நிறுவனத்துடன் ஆண்டு முடிவில் உடன்பாடு எழுதப்பட்டது. மேற்குக் கரை ஒரு நண்பனுக்கு, கிழக்குக் கரை மற்ற நண்பனுக்கு. சம்பூரின் நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. மக்கள் ஊர் திரும்பினார்கள், ஆனால் எல்லாருக்கும் எல்லாக் காணியும் கிடைக்கவில்லை. 2025 ஏப்ரலில் அங்கேயே இந்தியாவுடன் சேர்ந்து சூரியசக்தித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு 2021இல் சீன நிறுவனமொன்றைத் தெரிவுசெய்ததும் இந்தியா மறித்ததும் இதே கணக்கின் இன்னொரு வரிதான்.

கடன் மட்டுமா நட்பு? போர்க்காலத்தில் ஆயுதங்களும் எஃப்-7 போர் விமானங்களும் சீனாவிலிருந்து வந்தன. 2009 மே 27இல், முள்ளிவாய்க்கால் முடிந்து பத்து நாள்கூட ஆகுமுன், ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்தை 29 - 12 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. சீனா ஆதரித்தது. இந்தியாவும் ஆதரித்தது, இதை நம்மவர்கள் சிலர் சொல்லாமல் விடுவதுண்டு. 2012இல் இலங்கையிடம் பொறுப்புக்கூறல் கோரிய தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாகவும் சீனா எதிராகவும் வாக்களித்தன. 'உள்நாட்டு விவகாரத்தில் தலையிடுவதில்லை' என்பது சீன வெளியுறவின் அடிப்படை வாசகம். கொழும்புக்கு அது ஆறுதல். உள்நாட்டு விவகாரமாக ஆக்கப்பட்ட மனிதருக்கு அது என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி எங்கள் கடலுக்கு வருகிறேன். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் இந்தக் கரையில் நிலக்கரி இறக்க முடியாது, அலை விடாது. ஆகவே ஏறத்தாழ செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை கப்பல்கள் ஆழக்கடலில் நங்கூரமிட, பார்ஜ் எனப்படும் தட்டைப் படகுகள் கரியைக் கரைக்குக் கொண்டுவருகின்றன. ஆண்டு முழுவதற்குமான கரியை அந்த மாதங்களிலேயே சேர்த்துவிட வேண்டும். மேற்குக் கரை மீனவருக்கும் கடல் திறப்பது அதே மாதங்களில்தான். இரண்டு பிழைப்பும் ஒரே பருவத்தில் ஒரே நீரில் மோதுகின்றன. ஒப்பந்தம் அரசுக்கும் அரசுக்கும் இடையிலானது என்பதால், வலைக்காரன் முறையிடப் போனால் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்டும். காற்றுக் காலத்தில் கரித்தூளும் சாம்பலும் பறந்து இலையில் படிகின்றன என்று தோட்டக்காரர் சொல்கிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். இந்த நிலையம் இல்லாவிட்டால் நாட்டின் மின்சாரச் செலவு எரிபொருள் எண்ணெயால் இன்னும் ஏறியிருக்கும். 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் இருளில் மூழ்கியபோது நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றன. அவை மீளும் வரை அடுத்தடுத்த நாட்களில் மின்வெட்டு. அவ்வளவு பாரத்தை ஒரே தோளில் வைத்திருக்கிறோம். 2022இல் நாடு வங்குரோத்தானபின், சீன எக்சிம் வங்கியுடன் ஏறத்தாழ 420 கோடி டொலர் கடனை மறுசீரமைக்க 2023 ஒக்டோபரில் உடன்பாடு காணப்பட்டது. அந்தக் கடனை மின்கட்டணமாகவும் வரியாகவும் அடைப்பவர்களில் முகாம் வாழ்க்கை முடித்த எங்களைப் போன்றவர்களும் உண்டு.

உம்மாவுக்கு இவ்வளவையும் சொன்னேன். அரிசி பற்றிய பகுதி அவருக்குப் பிடித்திருந்தது. "அப்ப அரிசி குடுத்து இறப்பர் வாங்கினான். இப்ப கரண்ட் குடுத்து என்னத்தை வாங்குறான்?" என்றார். வெளியே, பருவத்தின் முதல் கரிக்கப்பல் அடிவானத்தில் நின்றது.